முதலில் கண்டவர்

ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதன், காலேஜுக்குப் போகும் பெண்ணுக்கு அப்பா, தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்கலம் ஓட்டி விளையாடினான் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் வெட்கப்பட வேண்டியது அதற்கு இல்லை. அதற்கு மட்டும் வெட்கப்பட்டால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. எவ்வளவு நல்ல காலம் அது!

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடுகிற விளையாட்டு. கோடிக்கணக்கில் நட்சத்திரங்கள். சிலர் சண்டை போடுவார்கள், சிலர் சரக்கு ஏற்றி இறக்குவார்கள். என்னைப் போன்ற சிலர் யாரும் போகாத பக்கமாகப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்போம். புது நட்சத்திரம் ஒன்றைத் தொட்டால், அதைச் சுற்றும் கோள்களை அளக்கலாம். அளந்த விவரம் நம் கப்பலில்தான் இருக்கும். திரும்பி வந்து, ஆள் இருக்கும் நிலையம் ஒன்றில் ஒப்படைத்தால்தான் அது பதிவாகும். முதலில் ஒப்படைக்கிறவரின் பெயர் அந்த நட்சத்திரத்துக்கும் அதன் கோள்களுக்கும் பக்கத்தில் ‘முதலில் கண்டவர்’ என்று ஏறிவிடும். அப்புறம் யார் எந்த நாட்டிலிருந்து அங்கே போனாலும் அந்தப் பெயரைப் பார்ப்பார்கள். அழிக்க முடியாது. வழியில் கப்பல் வெடித்துப்போனால் அளந்தது எல்லாம் போச்சு, அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் பார்த்தவன் பெயர் அல்ல, முதலில் வந்து கொடுத்தவன் பெயர். இந்தச் சின்ன இடைவெளியில்தான் நான் விழுந்தேன்.

எனக்கு அரியமங்கலத்தில் வேலை. கொதிகலனுக்குக் குழாய் செய்கிற சின்ன தொழிற்சாலை. வெல்டிங் போட்ட இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, உள்ளே ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. “சார் கண்ணுல ஒரு தூசி தப்பாது” என்று வெல்டர்கள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வீட்டில் என் மனைவிக்கு அந்தத் திமிர்மேல் மரியாதை கிடையாது. “அங்கயும் கறுப்பு, இங்கயும் கறுப்பு. அந்தக் கண்ணு என்னத்துக்குங்க ஆகும்?” என்பாள். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை என் விண்வெளி. ஏழு மணிக்கு அவள் டிபன் டப்பாவை மேஜைமேல் ‘டொம்’ என்று வைத்தால் விண்வெளி மூடிக்கொள்ளும்.

விளையாட்டில் எனக்குச் சிநேகிதரான பாயை நான் சந்தித்ததே என் முட்டாள்தனத்தால்தான். எரிபொருளைப் பார்க்காமல் தாவித் தாவிப் போய், எந்தப் பக்கமும் நகர முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். உதவி கேட்டுச் செய்தி போட்டேன். ஒருவர் பதில் போட்டார், வருகிறேன், மூன்று நாள் ஆகும் என்று. மூன்றாம் நாள் காலை ஒரு கப்பல் வந்து பக்கத்தில் நின்றது. மைக்கில் பேச ஆரம்பித்தோம், இங்கிலீஷில். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானும், அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவரும் நன்றி, பரவாயில்லை என்று தடவிக்கொண்டிருந்தபோது, அவர் மைக்கின் பின்னாலிருந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றும் எங்கள் ஊர்க் கண்டக்டரின் குரல்: “சத்திரம், சத்திரம், சத்திரம்! ஏறு ஏறு!”

நான் இங்கிலீஷை விட்டுவிட்டேன். “சார், நீங்க திருச்சியா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “பெரிய கடைவீதிங்க. நீங்க?”

“ஸ்ரீரங்கம்.”

“அட அல்லாவே! ஒரு பஸ்ல வந்திருக்கலாமே தம்பி, இதுக்குப் போயி மூணு நாளா வந்தேன்!”

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய கடைக்குப் போனேன். பெட்டி விற்கிற கடை. சூட்கேஸ், டிராவல் பேக், கல்ஃபுக்குப் போகிறவர்கள் வாங்கும் பெரிய பெரிய பெட்டிகள். அவரே பதினோரு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காலையில் சுபுஹ் தொழுதுவிட்டு, கடை திறக்கும்வரை மாடியில் உட்கார்ந்து விளையாடுவாராம். கடை போர்டில் அவருடைய அத்தாவின் பெயர் பெரிதாக இருந்தது, பக்கத்தில் ‘அண்டு சன்ஸ்’.

“இதுல உங்க பேரு எது பாய்?” என்று கேட்டேன்.

“அந்த ‘சன்ஸ்’ இருக்குல்ல, அதுல ரெண்டாவது ஆளு நானு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடை இப்போது அண்ணன் பொறுப்பில். வீட்டுப் பத்திரமும் அண்ணன் பெயரில். கல்யாணப் பத்திரிகை தவிர தன் பெயரை எங்கேயும் அச்சில் பார்த்ததில்லை என்றார். அதனால்தானோ என்னவோ, விளையாட்டில் ஊரே சிங்கம், பிசாசு, கருங்கழுகு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அத்தா இனிஷியலோடு முழுப் பெயரைப் போட்டிருந்தார், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி. என் பெயர் என்ன தெரியுமா? ஜீயபுரத்தில் சின்ன வயதில் எங்கள் வீட்டில் வளர்த்த நாயின் பெயர், அதோடு நான் பிறந்த வருடம். அவசரத்தில் வைத்தது.

அதற்கப்புறம் ஒன்றாகவே போனோம். எனக்கு ஆறு மாதத்தில் அலுத்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் நூறு நட்சத்திரம் வாயைப் பிளந்து பார்த்தேன். ஆயிரத்துக்கு மேல் போனபிறகு எல்லாம் ஒரே உருண்டை. இது ஐஸ் உருண்டை, இது கல் உருண்டை, இது புகை உருண்டை. அந்த விளையாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில், ஊர் சுற்றிப் பார்ப்பதில் இனிமேல் பலன் ஏதும் இருக்கிறதா என்று ஒரு சண்டை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நானும் அதில் நீளமாக எழுதினேன். ஒரே பொருளைக் கம்ப்யூட்டர் நிறம் மாற்றி மாற்றிக் காட்டுகிறது, நாம் ஏமாந்துகொண்டிருக்கிறோம், பெயர் ஏறுவது ஒன்றுதான் மிச்சம் என்று. நிறையப் பேர் ஆமாம் போட்டார்கள்.

பாய் அதைப் படித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏன் தம்பி, மேட்டூர்ல தண்ணி தொறந்து விட்டா வருசா வருசம் காவேரிப் பாலத்துல வண்டிய நிறுத்திட்டுப் பாக்குறீங்கல்ல? அது போன வருசம் பாத்த தண்ணிதானே?”

“அது தண்ணி பாய். இது படம்.”

“பாக்குறது நம்ம கண்ணுதானே?”

அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. நான் வந்தோமா, அளந்தோமா, கிளம்பினோமா என்று இருப்பேன். அவர் ஒவ்வொரு இடத்திலும் கப்பலை நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “சுபுஹானல்லாஹ், போலாம் தம்பி” என்பார். அந்த ஒரு சுற்றுக்கு நான் காத்திருக்கணும். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் பொறுமை போய், எனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டுத் தனியாக வேறு பக்கம் போனேன். அவர் போய்க்கொண்டே இருந்தார், மாதக்கணக்கில், திரும்பாமல்.

ஒரு நாள் காலை அவரிடமிருந்து செய்தி. “தம்பி, ஒண்ணு காட்டணும். யார்கிட்டயும் சொல்லல. வாங்க.” நான் போய்ச் சேர எட்டு நாள் ஆனது. வழியெல்லாம் புலம்பிக்கொண்டேதான் போனேன்.

போய்ப் பார்த்தேன். இரண்டு நீலக் கோள்கள், இரண்டுக்கும் வளையம் உண்டு, ஒன்றை ஒன்று மிக நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் கையகலம் மாதிரி ஒரு குட்டி நிலா. அந்த நிலாவில் இறங்கி நின்றால், தலைக்குமேல் ஒரு பக்கம் ஒரு வளையம் உதிக்கிறது, மறுபக்கம் இன்னொரு வளையம் மறைகிறது. என்னத்தைச் சொல்ல! படம்தான், கம்ப்யூட்டர் போட்ட படம்தான், தெரியும். ஆனாலும் அளந்து முடித்த பிறகும் எனக்குக் கிளம்பத் தோன்றவில்லை. ஏழு மணிக்கு டிபன் டப்பா ‘டொம்’ என்று விழுந்ததுகூடக் காதில் ஏறவில்லை.

“எப்படி தம்பி?” என்றார் பாய்.

“பாய், இதுல உங்க பேரு ஏறணும். இது ஒண்ணு போதும்.”

“ஏறும் தம்பி, இன்ஷா அல்லாஹ். நான் இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டுத்தான் திரும்புவேன். நீங்க முன்னாடியே போயிருவீங்க. ஒப்படைக்கும்போது இத மட்டும் விட்டு வச்சிருங்க. நான் வந்து குடுத்துக்கிறேன்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஒரு இடத்துலயாவது ரெண்டாவது ஆளா இல்லாம இருக்கலாம் பாருங்க.”

“என்ன பாய், இதெல்லாம் சொல்லணுமா?” என்றேன். கோபித்துக்கொள்கிற மாதிரிகூடச் சொன்னேன்.

நான் நிலையத்துக்குத் திரும்ப மூன்று வாரம். அந்த மூன்றாவது வாரத்தில் ஆலையில் ஒரு விஷயம் நடந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்திருந்தார்கள். அனுப்பத் தயாராக இருந்த ஒரு குழாயின் ஃபிலிமில் மயிரிழை விரிசலை நான் கண்டுபிடித்திருந்தேன். மூன்று பேர் பார்த்துச் சரி என்று சொன்ன ஃபிலிம் அது. மேனேஜர் அதைத் தானே கண்டுபிடித்ததாக வந்தவர்களிடம் காட்டி, கை குலுக்கி, அவர்களோடு சாப்பிடப் போய்விட்டார். நான் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை அவர்களுக்கு அறிமுகம்கூடப் பண்ணவில்லை. வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், பெண்ணிடம் சொன்னேன், மறுநாள் காலை மைக்கில் பாயிடமும் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் நிலையத்தில் ஒப்படைத்தேன். திரையில் நீளமாகப் பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிக் இருக்கும். வேண்டாததில் டிக்கை எடுத்துவிடலாம். அபூர்வமானது முதலில் வரும் என்பதால் பாயின் இரட்டைக் கோள்தான் முதல் வரி. டிக்கை எடுத்தேன். மற்றதையெல்லாம் ஒரு தடவை பார்த்தேன். ஐஸ் உருண்டை, கல் உருண்டை. மறுபடி முதல் வரிக்கு வந்தேன். எடுத்த டிக்கை நானே போட்டேன். அனுப்பினேன்.

கை தவறிவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கை தவறவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்ட கை எப்படித் தவறியதாகும்? என்னிடமிருந்து ஒருவன் பிடுங்கினான், நான் வேறொருவரிடமிருந்து பிடுங்கினேன். அதுவும் எரிபொருள் இல்லாமல் கிடந்தவனுக்கு மூன்று நாள் வந்து ஊற்றிவிட்டுப் போன மனிதரிடமிருந்து. அந்த இரட்டைக் கோளுக்குப் பக்கத்தில் ஒரு நாயின் பெயரும் நான்கு எண்களும் ஏறின. என் சொந்தப் பெயர்கூட இல்லை!

ஒரு வாரத்தில் பாராட்டுகள் வர ஆரம்பித்தன. அதைப் பார்க்கப் போனவர்கள் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். இவ்வளவு அழகான இடத்தைக் கண்டுபிடித்ததற்கு நன்றி, ஊர் சுற்றுவதில் பலன் இல்லை என்று எழுதியவரே இதைக் கண்டது எவ்வளவு பொருத்தம் என்று ஒருவர். முதல் கடிதத்துக்கு நான் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போட்டேனோ.

பாய்க்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டுக்காரர்கள் எழுதிக்கொள்வதை அவர் அதிகம் படிக்கிறவர் இல்லை. அவர் திரும்பி வரும்போது தெரிந்துவிடும், அதற்குள் ஏதாவது வழி பண்ணலாம் என்று நாளைக் கடத்தினேன். அப்போதுதான் ஒரு காலை, குரலில் சந்தோஷம் தாங்காமல் வந்தார். “தம்பி, ஹஜ்ஜுக்குக் குலுக்கல்ல பேரு வந்துருச்சு! சவூதில இருந்தப்பக்கூட லீவு கிடைக்கல, இங்க வந்து நாலு வருசமாக் கேட்டுக்கிட்டிருந்தேன்.” மனசார வாழ்த்தினேன், அது நிஜம். “கெளம்புறதுக்குள்ள இந்தக் கப்பலையும் கரை சேத்துரணும். எதையும் பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது பாருங்க” என்றார்.

கரை சேர்ந்தால் பட்டியலைப் பார்ப்பார். அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. “பாய், அவ்வளவு தூரம் போயிட்டு அந்தச் சிவப்பு நட்சத்திரக் கூட்டத்தப் பாக்காமலா வருவீங்க? பக்கம்தானே?” என்றேன். பக்கமெல்லாம் இல்லை.

“அட, ஆமால்ல!” என்றார் குழந்தை மாதிரி. திரும்பிய கப்பலை மறுபடி அந்தப் பக்கம் திருப்பினார். பார்க்கிற ஆசை ஒன்றுதான் அந்த மனிதரிடம் இருந்தது. அதையே கயிறாக வைத்து அவரைக் கட்டினேன்.

தினமும் வேலைக்குப் போகும்போது ராஜகோபுரத்தைத் தாண்டுகையில் வண்டியிலிருந்தே நெஞ்சில் கை வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒரு நாள் அப்படிக் கை வைத்தபோதுதான் நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவருடைய கப்பல் வழியில் வெடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமாளிடம் கேட்கிற விஷயமா இது? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “சீ” என்று எனக்கே கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பாயிடம் சொல்லவில்லை.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். மனிதனுக்குச் செய்த தப்பை மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அங்கே போய் அழுது பயன் இல்லை என்பது கணக்கு. எனக்கு இது தெரியும். ஆனால் பெரிய கடைவீதியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, ஒரு விளையாட்டுச் சிநேகிதனின் வீட்டுக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பியோடு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“வாங்க பாய், வாங்க” என்று என் மனைவி காபி போட்டுக் கொடுத்தாள். அவளிடம் முதலில் சொன்னார்: “உங்க வீட்டுக்காரரு காலை நேரத்தையெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன்மா. மனசுல ஏதும் இருந்தா மன்னிச்சிருங்க.”

“ஐயோ, என்ன பாய் பெரிய வார்த்தையெல்லாம் சொல்றீங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, தெரிஞ்சும் தெரியாமலும் உங்க மனசு நோகுற மாதிரி ஏதாவது நடந்திருந்தா மன்னிச்சிருங்க. தெரிஞ்சே ஒண்ணு பண்ணியிருக்கேன், அதச் சொல்லிடுறேன். அன்னைக்கு ஒரு நாள் பேசிக்கிட்டிருக்கும்போது கரண்டு போயிருச்சுன்னு சொல்லிக் கட் பண்ணேன்ல? கரண்டு போகல. உங்க மேனேஜரு கதைய நாலாவது தடவையாச் சொன்னீங்க. தாங்கல தம்பி.”

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “உங்களுக்கு நாலாவது தடவை, எங்களுக்கு நாப்பதாவது தடவை பாய்!”

நானும் சிரித்தேன். “மன்னிச்சுட்டேன் பாய்” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். கரண்டு போனதாகச் சொன்ன பொய்யை அவர் சவூதிவரை சுமந்துபோக மாட்டேன் என்று இறக்கி வைத்தார். நான், எல்லாவற்றையும் திருடியவன், பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “என் பக்கம் எல்லாம் சொல்லிட்டேன் தம்பி. உங்க பக்கம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. இங்கயே முடிச்சிட்டுப் போயிரலாம்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “உங்ககிட்ட எனக்கு என்ன பாய் இருக்கு? ஒண்ணும் இல்ல. எங்களுக்காகவும் வேண்டிக்குங்க.”

“சரி தம்பி” என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே வந்து நேராகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். விளையாட்டில் சிநேகிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பல நாளாகப் பயந்து நான் பார்க்காமல் விட்டிருந்தேன். பாயின் கப்பல் நிலையத்தில் நின்றது. வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இரட்டைக் கோளின் பக்கத்தைத் திறந்தேன். அளந்து கொடுத்தவர்களின் பட்டியலில் நான் முதலில். எனக்கும் அவருக்கும் நடுவில் பதினாறு பேர். அதற்குக் கீழே, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி, அத்தா இனிஷியலோடு அவருடைய முழுப் பெயர். இரண்டாவதாகக்கூட இல்லை.

ஆக, தெரிந்துதான் வந்திருக்கிறார். காபி குடிக்கும்போது தெரியும். கையைப் பிடித்தபோது தெரியும். கேட்டில் நின்று கேட்டபோது தெரியும். நான் சொல்வதற்காகத்தான் அவர் வந்தார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பெண் வந்து, “என்னப்பா, கப்பல் வெடிச்சிருச்சா?” என்று கேட்டாள்.

அவர் ஹஜ்ஜில் இருந்த நாட்களில் வாட்ஸப்பில் எத்தனையோ தடவை எழுதினேன், அழித்தேன். இஹ்ராம் வெள்ளைத் துணி உடுத்தி நிற்கிற மனிதருக்கு, ‘நான் உங்கள் நட்சத்திரத்தைத் திருடிவிட்டேன்’ என்று எப்படி அனுப்புவது? விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினேன், நான் பொய்யாகப் பதிவு செய்தேன், பெயரை மாற்றுங்கள் என்று. மிக மரியாதையாகப் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, ஆனால் பதிவை மாற்ற வழியில்லை. நேர்மையாம்!

அவர் திரும்பி வந்த மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். ஹாஜியாரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையை மழித்திருந்தார், கறுத்துப்போயிருந்தார், முகம் மட்டும் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். சின்னக் கப்பில், மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தார், இரண்டு பேரீச்சம்பழம். குடித்தேன். கூட்டம் குறைந்து, அவருடைய அண்ணன் சாப்பிடப் போனபிறகு, பெட்டிகளுக்கு நடுவில் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

“பாய், அந்த ரெட்டைக் கோளு விஷயம்” என்று ஆரம்பித்தேன். “நான் தெரிஞ்சேதான் கொடுத்தேன். டிக்கை எடுத்துட்டு நானே திரும்பப் போட்டேன். நீங்க திரும்பக் கூடாதுன்னுதான் அந்தச் சிவப்புக் கூட்டத்துக்கு அனுப்பினேன். அன்னைக்குக் கேட்டப்ப ஒண்ணும் இல்லைன்னு பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க பாய்.”

அவர் ஒரு சூட்கேஸின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“மன்னிச்சுட்டேன் தம்பி, அத விடுங்க” என்றார். “பேரு போனதுகூட எனக்குப் பெருசில்ல. ரெண்டு நாள் வருத்தமா இருந்துச்சு, சரியாப் போச்சு.”

“பாய்…”

“ஹஜ்ஜுல அரஃபா மைதானத்துல ஒரு நாள் மதியத்துலேர்ந்து பொழுது சாயுற மக்ரிபு வரைக்கும் நின்னு துஆ கேப்போம். வாழ்நாள்ல நமக்கு வாய்க்கிற ஒரே நாளு அது. எனக்கு மனவருத்தம் இருந்தவங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லி, யா அல்லாஹ், நான் மன்னிச்சுட்டேன், நீயும் மன்னிச்சுருன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். எங்க அண்ணன் பேரு வந்துச்சு, சொன்னேன். உங்க பேரு வந்துச்சு. அப்ப அந்தக் கேட்டுல நின்னு, ஒண்ணும் இல்ல பாய்னு சொன்னீங்கள்ல, அந்த மூஞ்சி வந்து முன்னாடி நின்னுருச்சு. வாய் வரல தம்பி. எவ்வளவோ முயற்சி பண்ணேன், வரல. அப்படியே பொழுது எறங்கிருச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இப்ப மன்னிச்சுட்டேன், சத்தியமா. ஆனா அந்தப் பொழுது போனது போனதுதான். எனக்கு இன்னொரு தடவை பேரு வராது” என்றார். பெட்டி வாங்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. “வாங்க, வாங்கம்மா, எந்த ஊருக்குப் போறாங்க?” என்று அவர் எழுந்து போனார். நான் கப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.